சூடு தாங்கும் கை

என் வலக்கைக்குக் கோயில் அம்மாள் வரம் கொடுத்திருக்கிறாள் என்று எங்கள் வீட்டார் நம்பினார்கள். அடுப்பிலிருந்து இறக்கிய கொதிநீரில் கிடப்பதை வெறுங்கையால் எடுக்கக்கூடிய கை. சூடு தாங்கும் கை. என் தங்கை பூரணம்தான் அதை முதலில் சொன்னாள். பிறகு அயலில் சொன்னார்கள். ஒரு வருடத்துக்குள் வவுணதீவுப் பக்கத்தில் எனக்கு முகம் தெரியாதவர்களும் என் கையைப் பற்றி அறிந்திருந்தார்கள்.

நான் வாசித்தவள். கடலோரக் கிராமமொன்றில் பதினொரு வருடங்கள் வாசிகசாலையைப் பார்த்துக்கொண்டவள். இந்த வரத்தை நீயும் நம்பினாயா என்று இதை வாசிக்கும் நீங்கள் கேட்கக்கூடும். நம்பவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை. அந்த இரண்டுக்கும் இடையில் என் விரல்கள் போயின.

கடல் வந்த மார்கழியில் என் கணவரும் எங்கள் வீடும் போயின. அவர் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கரைவலை இழுக்கப் போயிருந்தார். நான் வளவின் பின்புறத்தில் ஆடுகளுக்குக் குழை முறித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் என்னைத் தூக்கிக்கொண்டு போனபோது ஒரு தென்னையைப் பிடித்ததும், கடைசிவரை பிடி விடாததும் இந்த வலக்கைதான். பிற்பாடு அதையும் வரத்தின் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

நலன்புரி முகாமில் இருந்தபோது முழங்கைக்குக் கீழே வெளிறிய தேமல் ஒன்றைக் கண்டேன். உள்ளங்கை அகலம். சொறியவில்லை, வலிக்கவில்லை. முகாமில் எல்லோருக்கும் தோலில் ஏதோ ஒன்று இருந்தது. உப்புத்தண்ணீரில் ஊறிய உடம்புகள். மருந்து கொடுக்க வந்தவர்கள் எனக்கும் ஒரு களிம்பைத் தந்துவிட்டு அடுத்தவரைப் பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நானும் அந்தத் தேமலை இரண்டாம் முறை பார்க்கவில்லை.

தை மாதத்தில் பூரணம் வந்து என்னை அழைத்துப் போனாள். வாவிக்குக் கிழக்கே கடலோரம் எழுவான்கரை. மேற்கே வயல்பக்கம் படுவான்கரை. நான் பிறந்தது படுவான்கரையில். எங்கள் பக்கத்தில் தாய்வீடு மூத்த மகளுக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். எனக்கு வாய்த்தவருக்குக் கடல்தான் தொழில் என்பதால் நான் எழுவான்கரைக்குப் போனேன். போகும்போது, எனக்குரிய வீட்டைப் பூரணத்தின் பெயருக்கு எழுதிக் கொடுத்தேன். இருபது வருடங்களுக்குப் பிறகு அதே வீட்டுக்கு ஒரு முகாம் பையோடு விருந்தாளியாகத் திரும்பினேன். என் கதிரை எது, என் பாய் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அந்த வீட்டில் பூரணம், அவளது கணவர் மகேந்திரன், நான்கு வயது மகள் தர்சினி. கிணற்றடியில் கத்தரியும் பயற்றையும், வேலியோரம் மரவள்ளி, ஐந்து ஆடுகள், ஒரு கூடு கோழி. வயலில்லாத காலங்களில் பன்பாய்தான் வீட்டை நடத்தியது. பன் என்பது வாவியோரச் சதுப்பில் கோரைபோல வளரும் புல். அதை அறுத்து, வெயிலில் காயவைத்து, சாயத்தில் அவித்து, பாயாக இழைப்போம்.

சாயம் போடுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. அண்டாவை அடுப்பிலிருந்து இறக்கியவுடன் பன்கட்டை வெளியே எடுத்துப் பச்சைத்தண்ணீரில் போட வேண்டும். ஆறவிட்டால் நிறம் கருகிவிடும். சூடாக இருக்கும்போது கையால் தொட முடியாது என்பதால் எல்லோரும் இரண்டு தடிகளால் கிண்டி எடுப்பார்கள். தடி பட்ட இடத்தில் பன் மடிந்து முறியும். பாயில் அது ஒரு வெளிறிய கோடாகத் தெரியும். அந்தக் கோடு இல்லாத பாயை எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை.

ஒரு நாள் தடிகளில் ஒன்று முறிந்தது. நிறம் போகிறதே என்ற அவசரத்தில் நான் வலக்கையை விட்டுக் கட்டைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டேன். ஒரு கணம்தான். எனக்கு ஒன்றும் சுடவில்லை. பூரணம் என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இஞ்ச பாருங்க, அக்காட கைய," என்று அயல்வீட்டு நல்லம்மா மாமியைக் கூப்பிட்டாள். "சூடே ஏறல்ல. அம்மாள் புடிச்ச கை கா இது."

நல்லம்மா மாமிக்கு எதையும் சும்மா விடும் பழக்கம் இல்லை. "அப்ப இனிச் சோத்துப் பானையையும் உன்ட அக்காதான் இறக்கட்டும். பிடிதுணிய அடுப்புல போடு," என்றார்.

எல்லோரும் சிரித்தோம். கடல் வந்த பிறகு நான் சிரித்த முதல் நாள் அது. அதனால்தான் அந்த நாளை நான் இன்னும் முழுவதுமாக வெறுக்க முடியவில்லை.

அதன் பிறகு சாயம் எடுப்பது என் வேலையாயிற்று. கோடில்லாத சிவப்புப் பாய்களைத் தேடி ஆட்கள் வந்தார்கள். வைகாசிச் சடங்குக்குக் கோயிலில் விரிக்கும் பாயை என் கைதான் இழைக்க வேண்டும் என்று கேட்டார்கள். கையில் சாயம் எப்போதும் ஏறியிருந்ததால் எது நிறம், எது புண் என்று யாருக்கும் தெரியவில்லை. சிறு கொப்புளங்கள் வந்தன. அவற்றை நான் சேலைத் தலைப்பால் மூடினேன்.

காய்ச்சல் கண்ட பிள்ளைகளைச் சில தாய்மார் கொண்டுவந்தார்கள். நெற்றியில் அந்தக் கையை வைத்துச் சூட்டை எடுத்துவிடச் சொன்னார்கள். வைத்தேன். காய்ச்சல் இருக்கிறதா என்று அந்தக் கைக்குத் தெரியாது. இடக்கையின் விரலொன்றைப் பிள்ளையின் காதோரம் வைத்துத் தெரிந்துகொள்வேன். இவ்வளவையும் கண்டபிறகும் வாசித்த மனுசி ஏன் யோசிக்கவில்லை? யோசித்தேன். புருசனும் வீடும் இல்லாமல், எழுதிக் கொடுத்த வீட்டில் சாப்பிடுகிறவளுக்கு அந்தக் கை ஒரு இடத்தைத் தந்தது. சாப்பாட்டுக்கு என்னைக் கடைசியாகக் கூப்பிட்டவர்கள் முதலில் கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள்.

அடுத்த வைகாசியில் எனக்கு உண்மை தெரிந்தது. சடங்கின் கடைசி நாள் குளிர்த்தி. அம்மனின் சீற்றத்தைத் தணித்துக் குளிர்விக்கும் நாள். பூசாரியார் வேப்பிலைக் கொத்தால் நீர் தெளித்துக்கொண்டு வர, சனங்கள் கைகளை ஏந்தி நிற்பார்கள். நானும் ஏந்தினேன். இடக்கையில் விழுந்த துளிகள் சில்லென்று இருந்தன. வலக்கையில் நீர் தேங்கி விரலிடுக்கால் வழிந்தது. அதைக் கண்ணால்தான் கண்டேன்.

வரம் என்றால் சூடு தெரியாமல் இருக்கலாம். குளிர் ஏன் தெரியவில்லை? அம்மாளின் சந்நிதியில், அவளுடைய நீர் கையில் இருக்கும்போதே எனக்கு விளங்கியது: இந்தக் கை எதையும் தாங்கவில்லை, எதையும் அறியவில்லை. அன்றைக்கே மறுகரைக்குப் போய் ஒரு வைத்தியரைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. போர் மறுபடி தொடங்கிக்கொண்டிருந்தது, பாதை பூட்டித் திறந்தது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் திறந்திருந்த நாட்களும் இருந்தன. பூரணத்திடம்கூடச் சொல்லவில்லை. அடுத்த சாயத்துக்கு அடுப்பு மூட்டினேன்.

அந்த வருடக் கடைசியில் ஒரு பின்னேரம், கிடாய் ஒன்று கயிற்றை உருவிக்கொண்டு மரவள்ளிக்குள் ஓடியது. இழுத்துப் பிடித்துக் கட்டிய பிறகு பார்த்தால் தும்புக்கயிறு முழுவதும் இரத்தம். பதறிப்போய் ஆட்டின் கழுத்தையும் கால்களையும் தடவிக் காயத்தைத் தேடினேன். தர்சினி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பெரியம்மா," என்றாள், "ஆட்டுல இல்ல. உங்கட கையில."

உள்ளங்கை குறுக்கே பிளந்திருந்தது. "அம்மாட்டச் சொல்லாத," என்றேன். ஆறு வயதுப் பிள்ளை தலையாட்டினாள். அவளையும் என் மௌனத்துக்குள் இழுத்த நாள் அது. இரவில் அவள் என் பக்கத்திலேதான் படுப்பாள். என் பாயில், என் கைக்குள்.

இரண்டாயிரத்து ஏழின் பங்குனியில் ஷெல் குண்டுகள் வந்தன. படுவான்கரை முழுவதும் வாவியைக் கடந்து ஓடியது. மகேந்திரன் ஆடுகளை அவிழ்த்துவிட்டார். கோழிக்கூட்டின் கதவைத் திறந்து வைத்தார். காயப்போட்ட பன் முற்றத்தில் கிடந்தது. மறுகரையில் ஒரு பாடசாலை வளவில் எங்களுக்கு ஒரு கூடாரம் தந்தார்கள். நான்கு பேருக்கு ஒரு கூடாரம்.

அங்கே வந்த நடமாடும் கிளினிக்கில் ஒரு பெண் டொக்டர் இருந்தார். நான் போனது பூரணத்தின் இருமலுக்குத் துணையாக. மருந்து எழுதிய துண்டை வாங்குவதற்கு நான் கையை நீட்டியபோது அவர் துண்டைத் தரவில்லை. கையைப் பார்த்தார். சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் இலேசாக உள்ளே மடியத் தொடங்கியிருந்தன. இருக்கச் சொன்னார்.

"கண்ண மூடுங்க அம்மா. நான் தொடுற இடத்த மற்றக் கையால காட்டுங்க."

மூடினேன். காத்திருந்தேன். வெளியே குழாயடியில் வாளிகள் மோதும் சத்தம் கேட்டது.

"எப்ப டொக்டர் தொடுவீங்க?" என்று கேட்டேன்.

"நாலு தரம் தொட்டிட்டன்."

கண்ணைத் திறந்தபோது அவர் கையில் பஞ்சுத் துணுக்கு ஒன்று இருந்தது. முழங்கையின் உட்புறத்தைத் தடவி, அங்கே கயிறுபோல் தடித்திருந்த நரம்பைக் கண்டுபிடித்தார். தேமலைப் பார்த்தார். முதுகிலும் மூன்று தேமல்கள் இருந்தன. அவற்றை நான் அறிந்ததேயில்லை. பிறகு தணிந்த குரலில் நோயின் பெயரைச் சொன்னார். தொழுநோய் (தோலையும் நரம்புகளையும் மெதுவாகத் தாக்கும் ஒரு கிருமி நோய்).

பின்னால் நின்ற பூரணம் கேட்ட முதல் கேள்வி: "தீவுக்கு அனுப்புவீங்களா?" எங்கள் வாவி நடுவே பழைய காலத்தில் இந்த நோயாளிகளைக் கொண்டுபோய் வைத்த தீவு ஒன்று உண்டு. சிறு வயதில் அதன் பக்கம் விரல் நீட்டவும் எங்களை விடமாட்டார்கள்.

"அந்தக் காலம் போயிட்டுது," என்றார் டொக்டர். "குளிசை போட்டுக்கொண்டு உங்களோடயே இருக்கலாம். ஒரு வருசம். முதல் மருந்தோடயே மற்றவைக்குத் தொத்துறது நின்றுபோகும்."

நான் தங்கையின் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். நிம்மதியைத் தேடினேன். அங்கே அது இருக்கவில்லை.

எப்போதிருந்து உணர்ச்சி இல்லை என்று டொக்டர் கேட்டார். போன வைகாசியில் அறிந்தேன் என்றேன். நரம்பு செயலிழந்து ஆறு மாதங்களுக்குள் வந்திருந்தால் வீக்கத்தைத் தணிக்கும் மருந்தால் பெரும்பாலும் மீட்டிருக்கலாம் என்றார். இதை நான் தடித்த எழுத்தில் எழுத விரும்புகிறேன். உங்கள் உடம்பில் வலிக்காத, சொறியாத, தொட்டால் தெரியாத ஒரு தேமல் இருந்தால், அது வலிக்கவில்லை என்பதே நீங்கள் போவதற்கான காரணம். எனக்கு அதை யாரும் சொல்லவில்லை. குளிர்த்தி நீர் சொன்னது, நான் கேட்கவில்லை.

மருந்து எளிது. கூட்டு மருந்துச் சிகிச்சை (மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது) என்பார்கள். மாதத்தில் ஒரு நாள் கிளினிக்கில் அவர்கள் முன்னால் விழுங்க வேண்டும்; மற்ற நாட்களுக்கு அட்டையில் தருவார்கள். அந்த ஒரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். சில மாதங்களில் தோல் கறுக்கும். பயப்பட ஒன்றுமில்லை, இரண்டும் மாறிவிடும். நான்காம் மாதத்தில் எனக்கு எதிர்வினை வந்தது (செத்த கிருமிகளோடு உடம்பே நடத்தும் சண்டை). காய்ச்சலும், முழங்கை நரம்பில் இரவு பகல் இல்லாத வலியும். அந்தக் கையில் இரண்டு வருடங்களுக்குப் பிறகு வந்த முதல் வலி. அதைக் கண்டு நான் அழுதது சந்தோசத்தால் என்று தாதி எண்ணினாள். பாதி அதுவும் உண்மைதான்.

மருந்தைவிடக் கூடாரம் கடினம். முதல் நாளே என் கோப்பையும் கிண்ணமும் வேறாயின. தர்சினியின் பாய் மறு மூலைக்குப் போனது. ஊரில் ஒருத்தருக்கும் தெரியக்கூடாது என்று பூரணம் சொன்னாள். பிறகு அவளே நல்லம்மா மாமியிடம் சொல்லி அழுதாள். நெற்றியில் கை வைக்கச் சொல்லிப் பிள்ளைகளைத் தந்த தாய்மார் மூன்று பேர் அதே முகாமில் இருந்தார்கள். குழாயடியில் நான் வாளியை வைத்தால் அவர்கள் தங்கள் வாளிகளை எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருத்தி மட்டும் என் முகத்துக்கு நேரே பேசினாள். "வரம் எண்டுதானே சொன்னீங்க," என்றாள். நான் சொல்லவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அது ஒரு பதிலே அல்ல என்று அப்போது தெரிந்தது.

வீட்டிலுள்ள எல்லோரையும் சோதிக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். மகேந்திரன் போனார். பூரணம் போகவில்லை, பிள்ளையையும் விடவில்லை. பிள்ளையைக் கொண்டுபோனால் பிள்ளைக்கும் அந்தப் பெயர் ஒட்டிவிடும் என்பது அவள் பயம். பெண்பிள்ளை, நாளைக்கு ஒரு கலியாணம் பேச வேண்டாமா என்றாள். அப்போது தர்சினிக்கு ஏழு வயது ஆகவில்லை.

ஆனியில் திரும்பிப் போக விட்டார்கள். ஐந்து ஆடுகளில் ஒரு மறி மட்டும் வயிற்றில் குட்டியோடு வளவில் நின்றது. மகேந்திரன் ஆட்டுக்கொட்டிலோடு சேர்த்து எனக்கு ஒரு சிறு குடில் போட்டார். நல்ல குடில், மழை ஒழுகாது. வேலை முடிந்ததும், "மச்சாள், காத்து வரட்டும் எண்டு இந்தப் பக்கம் யன்னல் விட்டிருக்கன்," என்றார். எனக்குச் சீதனமாக வந்த வீட்டின் பின்புறத்தை அந்த யன்னலூடாகப் பார்க்கலாம்.

பிள்ளை குடிலுக்கு வருவதை மட்டும் பூரணத்தால் தடுக்க முடியவில்லை. ஆவணியில் ஒரு காலை, கத்தரிப் பாத்திக்கு நீர் ஊற்றிக்கொண்டிருந்த தர்சினியின் சட்டை தோளில் விலகியது. தோள்பட்டையில் எண்ணெய் பூசிய ஒரு வெளிறிய வட்டம். பழைய நாணயம் அளவு. கேட்டபோது, அம்மா கோயில் எண்ணெய் பூசுகிறாள், யாரிடமும் சொல்லக்கூடாது என்றாள். எப்போதிருந்து? முகாமிலிருந்து.

பஞ்சு என்னிடம் இல்லை. காய்ந்த பன் ஒன்றின் நுனியைக் கிழித்து மென்மையாக்கினேன். கண்ணை மூடச் சொன்னேன். கையில் தொட்டேன், காட்டினாள். கழுத்தில் தொட்டேன், கூச்சத்தில் சிரித்தாள். அந்த வட்டத்தில் தொட்டேன்.

"தொடுங்களன் பெரியம்மா," என்றாள்.

என் கைக்கு என்ன ஆனாலும் அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று அதுவரை எனக்கு ஒரு கணக்கு இருந்தது. நான் மறைத்தேன், நான் அனுபவிக்கிறேன். அந்தக் கணக்கு அந்தக் கத்தரிப் பாத்தியில் உடைந்தது. ஆறு மாதங்கள் என்று டொக்டர் சொன்னது காதில் ஓடிக்கொண்டிருந்தது. முகாமிலிருந்து ஆவணி வரைக்கும் விரல்விட்டு எண்ணினேன். விரைவில் அந்தக் காலம் முடிந்துவிடும்.

பூரணம் அரிசி நிவாரணத்துக்கு வரிசையில் நின்ற நாளில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாவிப் பாலத்துக்குப் போனேன். சோதனைச் சாவடியில் நீண்ட வரிசை. வரிசையோரமாகச் சோதித்துக்கொண்டு வந்த பெண் சிப்பாய் ஒருத்தி என் பையைக் கொட்டி, மருந்து அட்டையை எடுத்து, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டாள். என் சிங்களம் போதவில்லை. மடிந்த விரல்களைக் காட்டி நோயின் சிங்களப் பெயரை மட்டும் சொன்னேன். அவள் அட்டையைக் கீழே போட்டாள், எங்களைப் போகச் சொன்னாள். எங்களுக்கு முன்னால் நின்ற நாற்பது பேர் நிற்க, நாங்கள் இருவரும் பாலத்தைக் கடந்தோம். அந்தப் பெயர் எனக்கு உதவிய ஒரே நாள் அது.

கிளினிக்கில் அதே டொக்டர். நரம்பு தடிக்கவில்லை, ஒரேயொரு தேமல், ஆறு மாத மருந்து, அடையாளமே இருக்காது என்றார். என்னிடமிருந்துதான் வந்ததா என்று கேட்டேன். தொட்டதால் வருவதில்லை, நெடுநாள் கூட இருப்பதால், மூச்சுக்காற்றால் வரலாம். யாரிடமிருந்து என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். நல்ல மனுசி. நான் அந்தப் பதிலைப் பல தடவை எடுத்துப் பார்த்திருக்கிறேன். அதில் "இல்லை" என்ற சொல் இல்லை.

திரும்பி வரும்போது பூரணம் வாசல் படலையில் நின்றாள். பிள்ளையைத் தன் பக்கம் இழுத்தாள். மருந்து அட்டையைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கியது. அவள் கத்தவில்லை.

"நீதான் குடுத்த," என்றாள். "தெரிஞ்சுகொண்டே பக்கத்துல படுக்க வெச்ச."

தெரிந்துகொண்டே. அந்தச் சொல்லில் பிழை இல்லை. நோயின் பெயர் எனக்குத் தெரியாது. ஏதோ நோய் என்று தெரியும். நானும் பதிலுக்குச் சொன்னேன், நீயும் தெரிந்துகொண்டேதானே எண்ணெய் பூசினாய் என்று. சொல்லியிருக்க வேண்டியதில்லை. அக்கா தங்கை இருவரும் ஒரே பிழையைச் செய்தவர்கள் என்பதைச் சொன்ன பிறகு எங்களுக்குள் பேசுவதற்கு வேறொன்றும் மிஞ்சவில்லை.

மகேந்திரன்தான் அட்டையை அவள் கையிலிருந்து வாங்கினார். "பூரணம், புள்ளைக்குக் குளிசையக் குடு. மறுகா சண்ட புடிங்க," என்றார். அந்த ஆறு மாதமும் தர்சினி காலையில் குடிலுக்கு வந்தாள். ஆடு குட்டிக்குப் பால் கொடுக்க, நாங்கள் இருவரும் ஒரே செம்புத் தண்ணீரில் குளிசை விழுங்குவோம். அவளுடையது முதலில் முடிந்தது. என் அட்டையைப் பார்த்து, "நீங்க மெதுவாத்தான் சுகமாவீங்க போல," என்றாள்.

அவளுக்குச் சுகமானது. தோளில் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகுதான் பூரணம் போக முடிவு செய்தாள். சித்தாண்டியில் மகேந்திரனின் சொந்தக்காரர் இருந்தார்கள். அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. சாமான் ஏற்றிய உழவு இயந்திரம் படலையில் நிற்கும்போது அவள் குடிலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. வீட்டு உறுதிப் பத்திரத்தை யன்னலில் வைத்தாள்.

"உன்ட வீடுதானே," என்றாள். "நீயே இரு."

தர்சினி உழவு இயந்திரப் பெட்டியில் சாமான்களின் மேல் இருந்து கையாட்டினாள். எனக்குப் பழக்கத்தில் வலக்கைதான் உயர்ந்தது. மடிந்த விரல்களோடு அது ஆட்டுவதுபோல் தெரிந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது.

இரண்டாயிரத்து ஒன்பதின் வைகாசியில் போர் முடிந்தது என்றார்கள். டவுன் பக்கத்தில் வெடி கொளுத்தினார்கள். வடக்கிலிருந்து வந்த செய்திகளை எங்கள் சனங்கள் வானொலியைத் தணித்துவைத்துக் கேட்டார்கள். அந்த நாட்களில்தான் எங்கள் கோயிலில் சடங்கு. குளிர்த்திக்கு நான் போனேன். தள்ளி நின்றேன், தள்ளி நிற்கும்படி யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கவில்லை. பூசாரியார் வேப்பிலைக் கொத்தோடு என்னருகிலும் வந்தார். இரண்டு கைகளையும் ஏந்தினேன். இடது அறிந்தது. வலது அறியவில்லை. அவ்வளவு செத்தவர்களுக்காக அன்று தெளித்த நீரும் அந்தக் கையில் வெறும் நீராகவே கிடந்தது.

மருந்து முடித்தவர்களுக்கு நோய் இல்லை. இருப்பது நோய் விட்டுப்போனது. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு முறை இருக்கிறது, கிளினிக்கில் சொல்லித் தருவார்கள். பின்னேரங்களில் கோழிகளை அடைத்து, ஆடுகளைக் கட்டிய பிறகு, வலக்கையைத் தண்ணீரில் ஊறவைக்கிறேன். எண்ணெய் பூசுகிறேன். ஒவ்வொரு விரலாகத் திருப்பி, வெட்டு உண்டா, கொப்புளம் உண்டா, முள் ஏறியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்கிறேன். எங்கே நோகிறது என்று சொல்லத் தெரியாத ஆட்டை அப்படித்தான் பார்ப்போம். முன்பு அது என் கை. இப்போது அது என்னை நம்பி இருக்கும் ஒன்று.

பாய் இழைக்கிறேன். முன்பு மூன்று நாளில் முடிந்தது இப்போது இரண்டு கிழமை எடுக்கிறது. சாயத்தைத் தடியால்தான் எடுக்கிறேன், எல்லோரையும் போல. பாய்களில் வெளிறிய கோடுகள் விழுகின்றன. வாங்க வருகிறவர்கள் கேட்டால், தடி பட்ட இடம் என்கிறேன்.

வீட்டுக்குள் போய்விடலாமே என்று நல்லம்மா மாமி கேட்டார். போனேன். குடிலை ஆடுகளுக்கு விட்டுவிட்டேன். உறுதியில் இப்போதும் பூரணத்தின் பெயர்தான் இருக்கிறது, நான் மாற்றவில்லை. கத்தரிப் பாத்திக்கு இந்த வருடமும் நீர் ஊற்றுகிறேன். வளவில் மறி ஆடு, அதன் இரண்டு குட்டிகள், ஏழு கோழிகள், நான்.